குரல் வந்த திசை

குரலக்காவுக்கு அன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் வைக்கட்டுமா என்று கணவரைக் கேட்க வாயைத் திறந்தால், தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

“நான் இன்னிக்கு லீவு” என்றாள், பாதி சைகையாக.

“லீவா? வேணாம் வேணாம். இன்னிக்குப் போயிட்டு வந்துடு.”

“ஏன், இன்னிக்கு என்ன?”

“ஒண்ணும் இல்ல. சும்மா மனசுல பட்டுச்சு.”

அவர் லிப்ட் மெக்கானிக். ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற மனிதருக்கு ஒரு பொய்யை ஒழுங்காக இறக்கத் தெரியாது. பொய் சொல்லும்போது கையில் ஏதாவது கருவி வேண்டும். அப்போதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஆடவே ஆடாத நாற்காலியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். தொண்டை வலியில் அவள் அதைக் கவனிக்கவில்லை. நாம் கவனித்து வைத்துக்கொள்வோம்.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் கதை தெரியும். இன்றுதான் வந்து பக்கத்தில் உட்காருகிறவர்களுக்காக ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, தங்கை இரண்டே பேர். பதினோரு வயது வித்தியாசம். தாய் சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் தலைவாரி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தாள். தனக்கென்று அவள் பெற்றதில்லை. வளர்த்தது இந்த ஒன்றைத்தான். மூன்றரை வருடத்துக்கு முன் தங்கைக்கு முதல் கர்ப்பம் ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு, துக்கம் தாங்காமல், அக்காவின் வாய் ஒரு வரி சொல்லிவிட்டது: “நான் அப்பவே சொன்னேன்ல, நாள் பூரா கடையில நிக்காதன்னு.”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஒரு வாரம் கழித்துக் கைபேசியில் ஒரே வரி வந்தது: ‘இனிமே என்கிட்ட பேசாத.’ அப்புறம் வீடு மாறிப் போய்விட்டாள். பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்த சேதியைக்கூட மூன்றாம் மனிதர் வாயிலாகத்தான் அக்கா கேட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கையின் எண்ணுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்புகிறாள். “கூ... கூ... யாரு பேசறது? பெரியம்மா பேசறேன்” என்று தொடங்கி, ஒரு பூனையின் கதையோ அணிலின் கதையோ சொல்வாள். எல்லாம் குழந்தைக்குத்தான். தங்கைக்கு ஒரு சொல் இருக்காது. “என்கிட்ட பேசாதன்னுதானே சொன்னா? குழந்தைகிட்ட பேசாதன்னு சொல்லலையே?” என்பது அவளுடைய வாதம். பதில் ஒன்றுகூட வந்ததில்லை. கேட்டார்களா, கேட்காமலே அழித்தார்களா என்பதும் தெரியாது.

மழலையர் பள்ளி வேலையை விட்டுவிட்டு, குழந்தைகள் எப்படிப் பேச்சைக் கற்கின்றன என்று ஆராய்கிற கூடத்தில் அவள் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இது தங்கைக்குத் தெரியாது. ஆசிரியையாக இருந்த குரல் அல்லவா, சோதனைகளில் ஒலிக்கும் வாக்கியங்கள் எல்லாவற்றையும் அவளையே பேசச் சொல்லிப் பதிவு செய்துவிட்டார்கள். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் அவள் பெயர் குரலக்கா.

இவ்வளவுதான் முன்கதை. இனி தொண்டை கட்டிக்கொண்ட அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

பத்தரை மணிக்கு ஒரு குழந்தை. இருபது மாதம். தாளில் எண் மட்டும்தான் இருந்தது, பெயர் இல்லை. அங்கே அதுதான் வழக்கம்.

சோதனை அறையில் மூன்று பக்கமும் சாம்பல் நிறத் திரைச்சீலை. நடுவில் ஒரு நாற்காலி, எதிரே பெரிய திரை. திரையில் இரண்டு படங்கள் தோன்றும்: இடப்பக்கம் பந்து, வலப்பக்கம் செருப்பு. சீலைக்குப் பின்னாலிருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து, “பந்து எங்க இருக்கு? பந்தைப் பாரு!” என்று குரலக்காவின் குரல் கேட்கும். பேசத் தெரியாத குழந்தைக்கும் பந்து என்ற சொல் புரிந்திருந்தால் கண் அந்தப் பக்கம் போகும். வாய் சொல்லாததைக் கண் சொல்லிவிடும்.

அம்மாவின் மடியில்தான் குழந்தை இருக்கும். ஆனால் அம்மாமார் சும்மா இருப்பார்களா? தன் பிள்ளை ஜெயிக்க வேண்டுமென்று முழங்காலை ஆட்டி ஜாடை காட்டிவிடுவார்கள். அதனால் அவர்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடி மாட்டி, காதில் பாட்டு ஓடும் ஹெட்போனும் வைத்துவிடுவது நடைமுறை.

பக்கத்தில் அலமாரி அளவுக்கு ஓர் அறை. அதுதான் குரலக்காவின் இடம். கேமரா காட்டும் குழந்தையின் முகத்தைப் பார்த்து மூன்று பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும்: இடம், வலம், வேறு பக்கம். எந்தச் சொல் ஒலிக்கிறது என்று தெரிந்தால் அமுக்குகிறவளின் மனமும் சாய்ந்துவிடும் என்பதால் அவள் காதிலும் சத்தம் புகாத மூடி இருக்கும். குரல் தொடங்கியதும் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும். தன் குரலைத் தானே கேட்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற வேலை.

அவள் எதிரே இருந்த கேமராத் திரையில் ஒரு பெண்ணின் மடி வந்து உட்கார்ந்தது. கேமரா குழந்தையின் முகத்துக்காக வைத்தது. பெரியவர்கள் மோவாய்வரைதான் தெரிவார்கள். ஆராய்ச்சி மாணவி கறுப்புக் கண்ணாடியை நீட்டினாள்.

ஒரு கை அதை வாங்கியது. ஒரே சுண்டலில் இரண்டு காம்பையும் விரித்தது. உதட்டருகே கொண்டுபோய் இரண்டு பக்கமும் ஊதி, துணி நுனியால் துடைத்தது. அப்புறம்தான் மாட்டிக்கொண்டது.

ஒன்றுமே தெரியாத கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்க முடியும். பத்தொன்பது வயதிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடையில் நிற்பவள்.

குரலக்கா மோவாயைப் பார்த்தாள். வலப்பக்கம் சின்ன வெள்ளைத் தழும்பு. ஆறு வயதில் படியில் விழுந்தபோது, ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு ஓடித் தையல் போட்டு வந்தது இவள்தான்.

குரலக்காவின் தலைக்கு மேல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘பங்கேற்கும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்ததாக இருந்தால் உடனே நாற்காலியை விட்டு எழுந்து, வேறொருவரை அழைக்கவும்.’ அதைத் தட்டச்சு செய்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டியதும் அவளேதான்.

எழுந்திருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

எழுந்தால் மாணவியிடம் காரணம் சொல்ல வேண்டும். மாணவி உள்ளே போய்ச் சொல்வாள். தங்கை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். உட்கார்ந்திருந்தால் ஆறு நிமிடம் கிடைக்கும். பார்க்காமலும் கேட்காமலும் தங்கை எதிரே இருக்க, குழந்தையை ஆறு நிமிடம் ஆசை தீரப் பார்க்கலாம். தவறு என்று தெரிந்தேதான் விரலைப் பொத்தானில் வைத்தாள்.

முகம் திரை முழுக்க நிறைந்தது. நெற்றியில் படியாத முடி. தங்கைக்கு இருந்த அதே விரிந்த காது. மேல்வரிசையில் இரண்டு பல்லுக்கு நடுவே ஓர் இடைவெளி. ‘அடியே, செல்லமே’ என்று இல்லாத குரலில் சொல்லிக்கொண்டாள். அந்தக் கன்னத்தில் ஒரு விரல் வைக்க வேண்டும்போல் இருந்தது. கண்ணாடித் திரையில் வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது, மெஷின் சூடு.

பச்சை விளக்கு எரிந்தது. குழந்தை அதுவரை படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்த மறுநொடி கண்ணைப் படங்களிலிருந்து எடுத்துக்கொண்டு கீழே பார்த்தது. சீலையைப் பார்த்தது. கழுத்தை வளைத்துப் பின்னால் தேடியது.

வேறு பக்கம்.

இரண்டாவது ஜோடி, கோப்பையும் வண்டியும். விளக்கு எரிந்ததும் மறுபடியும் சீலைதான். வேறு பக்கம். மூன்றாவது, நான்காவது. உடலையே முன்னால் சாய்த்து, மடியிலிருந்து இறங்கப் பார்த்தது. தாயின் கை இழுத்து உட்கார வைத்தது. வேறு பக்கம், வேறு பக்கம், வேறு பக்கம்.

இருபத்து நான்கு ஜோடியில் பத்தொன்பது அப்படிப் போயின.

ஆசை தீரப் பார்க்க உட்கார்ந்தவள், பத்தாவதிலேயே ‘வேறு பக்க’ங்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். முன்னூறு குழந்தைகளுக்கு மேல் பார்த்தவள். சலித்துப்போய்த் திரும்புகிற குழந்தையும் உண்டு, அழுகிற குழந்தையும் உண்டு. சொல் வருகிற அந்தக் கணத்தில் சரியாகப் படத்தை விட்டு ஓடுகிற குழந்தையை அவள் பார்த்ததில்லை. ஒரு நாள் சோதனையை வைத்து எந்தக் குழந்தையைப் பற்றியும் எதுவும் சொல்லக் கூடாது என்று பேராசிரியர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அது ஊரார் குழந்தைக்கு. தன் குழந்தை என்றால் புத்தி கேட்கிறதா?

முடிந்தது. கண்ணாடியும் ஹெட்போனும் கழன்றன. குரலக்காவும் காதுமூடியை எடுத்தாள். நடுச்சுவர் வெறும் பலகைதான். பேச்சு அப்படியே வந்தது.

“எப்படி செஞ்சா?” தங்கையின் குரல். மூன்றரை வருடத்துக்கு அப்புறம் கேட்கிற முதல் வாக்கியம்.

“நல்லா உக்காந்திருந்தா மேடம். இது ஆராய்ச்சிதான், தனித்தனியா ரிசல்ட் சொல்றதில்ல” என்றாள் மாணவி.

“ரிசல்ட் வேணாம்மா. படத்தைப் பார்த்தாளா இல்லையா, அதைச் சொல்லு. மடியில வெச்சிருந்தேன், எனக்குத் தெரியாதா? குனியறா, திரும்பறா, இறங்கப் பாக்கறா. அவளுக்கு ஒண்ணுமே புரியலையா?”

“அப்படியெல்லாம் இல்ல மேடம்...”

“நாலு வார்த்தைதான் பேசறா. பக்கத்து வீட்டுப் பையன் இவளவிட சின்னவன், பாட்டே பாடறான். டாக்டர் பொறுத்துப் பாருங்கன்னார். எவ்வளவு நாள் பொறுக்கறது? இவ அப்பாதான் யாரோ சொன்னாங்கன்னு போன்ல இங்க பதிவு பண்ணார். வராமலே இருந்திருக்கலாம்.” குரல் உடைந்தது. “நான் நாள் பூரா கடையில நிக்கறேன்ல. அதான். எல்லாம் என்னாலதான்.”

பலகைக்கு இந்தப் பக்கம் குரலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அது தங்கையின் வாக்கியம் அல்ல. ஆஸ்பத்திரியில் இவள் கொட்டியது. இத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்து, இப்போது தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறாள்.

மாணவி வந்து, தாய் நிரப்பிய தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். குழந்தை சொல்லும் சொற்களுக்கு டிக் போடுகிற தாள். அத்தனை பெரிய பட்டியலில் ஐந்தே டிக். அம்மா, அப்பா, காக்கா, வேணாம். உறவுகள் பகுதியில், ஒரு முறை போட்டு, அடித்து, மறுபடி போட்ட இன்னொன்று: பெரியம்மா.

குரலக்கா அந்தக் கட்டத்தையே பார்த்தாள். பிறகு பதிவைப் பின்னுக்கு ஓட்டி, ஒலியைத் திறந்தாள். சோதனை முடிந்த பிறகு அதற்குத் தடையில்லை.

“பந்து எங்க இருக்கு? பந்தைப் பாரு!” என்றது அவளுடைய பழைய, நல்ல குரல்.

குழந்தை சீலைப் பக்கம் திரும்பியது. “பெம்மா?” என்றது.

“வண்டி எங்க இருக்கு?”

“பெம்மா! பெம்மா!”

அத்தனை முறையும் அதே சொல். புரியாமல் திரும்பவில்லை குழந்தை. சொல்கிற ஆளைத் தேடித் திரும்பியிருக்கிறது. ஹெட்போன் மாட்டிய தாய்க்கு அது கேட்கவில்லை. காதை மூடி வைத்த பெரியம்மாவுக்கும் கேட்கவில்லை. கேட்டது மாணவிக்கு மட்டும். அவளோ குழந்தை அம்மாவைத்தான் கூப்பிடுகிறது என்று நினைத்திருப்பாள்.

அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வீண்போகவில்லை. யாரோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

பக்கத்தில் பையின் ஜிப் மூடுகிற சத்தம் கேட்டது. கிளம்புகிறார்கள். பேசாமல் இருந்தால் எல்லாம் அப்படியே போகும்: வேலைக்கு ஆபத்து வராது, தங்கையின் கோபத்தை நேருக்கு நேர் வாங்க வேண்டாம். ஆனால் தங்கை பேருந்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் என்னால்தான் என்று அழுதுகொண்டே வீடு போய்ச் சேருவாள். அந்த வரியை இன்னொரு நாள் சுமக்க விடக் கூடாது. குரலக்கா கதவைத் திறந்தாள்.

தங்கை நிமிர்ந்தாள். பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் நின்றது. இளைத்திருந்தாள்.

“அவளுக்கு எல்லாம் புரியுது” என்றாள் அக்கா. தகரக் குரல்தான் வந்தது. “அந்தப் பெட்டியில பேசறது நான். என்னைத்தான் தேடினா. படத்தைப் பாக்காதது அதுக்குத்தான். டேப்புல இருக்கு, வேணும்னா நீயே கேளு. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

மாணவி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “குரலக்கா, நீங்க... இவங்களைத் தெரியுமா?”

“என் தங்கச்சி. முதல்லயே எழுந்திருக்கணும், எழுந்திருக்கல. பேராசிரியர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

குழந்தை புதிதாக வந்தவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு சீலையைக் கைகாட்டி, “பெம்மா” என்று தாயிடம் சொன்னது. பெரியம்மா அதற்குள்தான் இருக்கிறாளாம்.

“கூ... கூ...” என்று தொடங்கினாள் அக்கா. கரகரவென்று ஏதோ வந்தது. குழந்தை மிரண்டு தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

எழுபத்தெட்டு ஞாயிற்றுக்கிழமை பேசிய குரல், வேண்டிய ஒரு நாளில் இப்படிக் காலை வாரிவிட்டது. குரலக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அவளுக்கு உன் முகம் தெரியாதுல்ல” என்றாள் தங்கை. குத்தலாகச் சொல்லவில்லை. “குரல்தான் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில அதைப் போட்டாத்தான் வாயைத் திறப்பா. மத்த நாள்லயும் பழசைக் கேட்பா. பூனைக் கதை எனக்கே மனப்பாடம்.”

“கேட்டீங்களா? நான் என்னமோ...”

“ஒவ்வொண்ணும் கேட்டேன். கடைசி நொடி வரைக்கும். அவ கேட்டு முடிச்சதும் நான் தனியா இன்னொரு தடவ கேட்பேன்.” தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். “முடிவுல எனக்குன்னு ஒரு வார்த்தை வெச்சிருப்பியான்னு. பூனைக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு, அணிலுக்கு இருந்துச்சு. எனக்கு ஒரு தடவகூட இல்ல.”

“நீதானேடி பேசாதன்னு எழுதின?”

“எழுதினேன். நான் எதைச் சொன்னாலும் நீ கேட்கவே மாட்டியே, அதை மட்டும் ஏன் கேட்ட?”

 நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் பிசிறில்லாமல் பேசிக் கொடுத்தவள், அதே தகரக் குரலில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

தங்கை பையைத் தோளில் மாட்டினாள். “இப்ப எதுவும் சொல்லாத. இந்தக் குரல்ல வேணாம், அவசரத்துலயும் வேணாம். இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு ஒண்ணு அனுப்பு. எனக்கு மட்டும். கேட்டுட்டு, வரலாமா வேணாமான்னு சொல்றேன்.”

போனாள். நடைவழியில் தாயின் தோளுக்கு மேலாகக் குழந்தையின் முகம் தெரிந்தது. மிரட்சி போய், இந்தத் தகரக் குரல்காரியை உற்றுப் பார்த்தது. பழக்க தோஷம், குரலக்கா மனத்துக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு விநாடி. படிக்கட்டுத் திருப்பத்தில் முகம் மறைந்தது.

பேராசிரியர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டார். அந்தக் குழந்தையின் பதிவு கணக்கில் சேராது, பொத்தான் நாற்காலி எப்போது திரும்பக் கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது, என்றார். குரலக்கா தலையாட்டினாள்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கணவர் அழைத்தார்.

“தொண்டை எப்படி இருக்கு?”

“அது கிடக்கட்டும். சகலைங்க ரெண்டு பேரும் எத்தனை மாசமா ரகசியமா பேசிக்கிட்டிருக்கீங்க?”

 அந்தப் பக்கம் இரும்பில் ஸ்பேனர் தட்டுகிற சத்தம் மட்டும் ஆழமாகக் கேட்டது. லிப்ட் கூண்டுக்குள் எதையோ மும்முரமாக முடுக்கிக்கொண்டிருந்தார் மனிதர். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தங்கையின் எண்ணைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது; சும்மா சொல்லிப் பார்க்கலாம். மைக் படத்தை அழுத்தினாள். வாய் தன்னால், “கூ... கூ...” என்றது. அழித்தாள். மறுபடி அழுத்தினாள். “அன்னிக்கு ஆஸ்பத்திரியில...” என்றாள். அதற்கு மேல் போகவில்லை. அதையும் அழித்தாள்.

மூன்றாம் முறை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றாள். விநாடிகள் ஓடின. அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போயும் விட்டது. சொல்லும் வரவில்லை, விரலையும் அவள் எடுக்கவில்லை.